நிமிர்ந்து நின்ற பிக்கப்

வண்டியின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்துவது அரைநாள் வேலை. அது ரோட்டில் ஓடிப் பத்திரமாகத் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தனி வேலை, அதற்குக் கூலி கிடையாது. எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் அந்தோணி அண்ணனின் ஸ்பிரிங் பட்டறையில் நான் ஃபிட்டர். வண்டி வைத்திருப்பவர்களும் அதைப் பழுது பார்ப்பவர்களும் ஒரே வியாதிக்காரர்கள்தான், ஆகையால் என் பாடு உங்களுக்குப் புரியும்.

கும்பிடுகிற வண்டி

தனகோடி அனகாபுத்தூர்க்காரர். தறிக்காரர்களிடம் லுங்கி வாங்கி, மூட்டை கட்டி, தன் பழைய பிக்கப்பில் மெட்ராஸுக்குக் கொண்டுபோய் விற்பவர். அந்தக் காலத்துப் பிக்கப்புகள் பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் தாழ்ந்துதான் நிற்கும். போன மழையில் ஆற்றோரச் சந்தில் தண்ணீர் இன்ஜினுக்குள் புகுந்து வண்டி நின்றுவிட்டது. ஒரு லோடு லுங்கியும் நனைந்து, சிவப்பும் பச்சையும் ஒன்றாகிப் பாழாய்ப் போயிற்று. அடுத்த மழைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

இதெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு உண்மையான வருத்தத்தைச் சொன்னார்.

"மேஸ்திரி, எதிர்ல எவன் வந்தாலும் என் வண்டி குனிஞ்சி கும்புடுது. தெருவே சிரிக்குது. நிமித்தி வுடு."

டயர் பார்த்த படலம்

பெரிய டயர் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பழைய டயர் கடைக்குப் போனோம். அவர் மனைவி சரோஜா அக்காவும் கூட வந்தார். தறி நெய்யும் கையும் மூட்டை கட்டும் கையும் அவருடையதுதான். கடையில் மூன்று அளவு இருந்தது. வண்டியில் இருந்த அளவே போதும் என்றதும் தனகோடிக்கு முகம் வாடியது. லாரிக்காரன் கழற்றிப் போட்ட ஒன்றைத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பார்த்துப் பூரித்தார். அதைப் போட்டால் ஸ்டியரிங் திரும்பாது என்று கெஞ்சிக் கூத்தாடி நடு அளவை எடுக்க வைத்தேன். அந்த ஒரு காரியத்தில்தான் எனக்குப் புத்தி இருந்தது.

அக்கா டயரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி. காலி வண்டிய நிமித்துறீங்க. மூட்ட ஏத்துனா அது எங்க பாக்கும்?"

ரசமட்டமும் எலுமிச்சம்பழமும்

தனகோடி சிரித்தார். வாடிக்கையாளர் சிரித்தால் நாமும் சிரிக்க வேண்டும் என்பது தொழில் மரியாதை, நானும் சிரித்தேன்.

முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டி, இரும்பு பேக்கிங் வைத்து இறுக்கினேன். திருப்பினால் புது டயர் மட்கார்டில் உரசியது, விளிம்பைச் சுத்தியலால் உள்ளே மடக்கினேன். கொத்தனாரிடம் இரவல் வாங்கிய ரசமட்டத்தைப் பின்தொட்டி விளிம்பில் வைத்தால் குமிழி நட்டநடுவில் நின்றது. பின் ஸ்பிரிங் வேலை என்றால் எதிர் டீக்கடையில் இருப்பவர்களையெல்லாம் கூப்பிட்டு வண்டியில் ஏற்றி உட்காரவைத்துப் பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம். இது முன்பக்க வேலைதானே என்று யாரையும் கூப்பிடவில்லை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை வெளியே விட்டோம். அந்தோணி அண்ணன் தள்ளி நின்று பார்த்தார்.

"மாப்பிள்ளை மாதிரி நிக்குது பாருடா. இனிமே எவன் சிரிக்கிறான் பாப்போம்."

கைவண்டிக்காரர்

மூன்று நாளும் அக்கா கேட்டது காதிலேயே நின்றது. ஏதோ தப்பு என்று தெரிகிறது, என்ன தப்பு என்று தெரியவில்லை. நாலாம் நாள் காலை, தூறலில், மார்க்கெட் ரோட்டில் ஒரு கைவண்டி. சிமெண்ட் மூட்டைகள் பின்பக்கமாகச் சரிந்து, முன்கட்டை மேலே எழும்பி, இழுப்பவர் கால் தரையில் பாவாமல் தொங்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிக்கப்பை முன்னால் தாழ்த்திச் செய்தவன் மடையன் இல்லை. பாரம் ஏறினால் சமமாகட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறான். லோடு ஏறியதும் நான் நிமிர்த்திய வண்டியின் முன்சக்கரம் ரோட்டைச் சரியாகப் பிடிக்காது. அன்று செவ்வாய்க்கிழமை, தனகோடி லோடு எடுக்கும் நாள்.

"இன்னா சார், பாத்துக்கினே கீறே? பின்னால பாரம் ஜாஸ்தியாச்சின்னா முன்னால புடி நிக்காது. வந்து அமுக்கு!"

பம்மல் திருப்பம்

அமுக்கிக் கொடுத்துவிட்டு, தனகோடியைத் தடுக்க அனகாபுத்தூருக்கு சைக்கிளை எடுத்தேன். பல்லாவரம் வரைக்கும் வேண்டாத தெய்வமில்லை. அந்தோணி அண்ணனின் மாதாவையும் விட்டுவைக்கவில்லை. பம்மல் திருப்பத்தில் கூட்டம். கூட்டத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டு பிக்கப்பின் முகம். அதற்கு ஒரு முழம் முன்னால் ஒரு புளியமரம்.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். தனகோடி ரோட்டோரம் உட்கார்ந்து, "ஸ்டியரிங்க ஒடிக்கிறேன், அது பாட்டுக்கு நேரா போவுது" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டியில் கூட வந்திருந்த அக்கா, பிரேக் போட்டதில் அடிபட்டு, முழங்கையில் ரத்தத்தோடு நின்றார். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. தப்பு என்னுடையதுதான், நீங்கள் அன்றைக்கே கேட்டீர்கள் என்று அழாக்குறையாகச் சொன்னேன்.

"கேட்டேன் தம்பி. அவரும் சிரிச்சாரு, நீயும் சிரிச்ச. இப்ப யாரும் சிரிக்கக் காணோம்."

மீண்டும் கும்பிடு

மறுநாள் கூட்டிய பட்டையையும் பேக்கிங்கையும் கழற்றினேன். பெரிய டயர்கள் இருக்கட்டும் என்றேன், சந்துத் தண்ணீருக்கு அந்த உயரமே போதும். இந்தத் தடவை மூட்டை முழுவதையும் ஏற்றிவிட்டுத்தான் ரசமட்டம் வைத்தோம். கட்டுப்போட்ட கையோடு அக்கா குனிந்து பார்த்து, குமிழி நடுவில் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் வண்டியை வெளியே விட்டேன்.

மழை வந்தது. லுங்கி நனையவில்லை. தெருக்காரர்கள் இப்போதும் சிரிக்கிறார்களா என்று தனகோடியிடம் பயந்துகொண்டே கேட்டேன்.

"சிரிக்கட்டும் மேஸ்திரி. கும்புட்டுக்கினே போனாலும் வூடு போய்ச் சேருதில்ல?"

அதற்குப் பிறகு பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும், வண்டிக்காரர் சொல்வதைப் பாதி காதில் வாங்கிக்கொண்டு, கூட வந்த மனைவி ஏதாவது கேட்கிறாரா என்றுதான் நான் காத்திருப்பேன்.