மடிக்கத்தி நண்பர்களுக்கு, பாவுக்காரர் வீட்டிலிருந்து

அன்று காலை நான் கதவுக்கு உள்ளே உட்கார்ந்து தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. வந்தவர், "ஏகாம்பரம்னு ஒருத்தரு, கல்யாண மண்டபத்துல வாட்ச்மேனா இருக்காரே, அவரு வூடு எதுங்க?" என்று கேட்டார். மூலை வீட்டுக்காரர், "எந்த ஏகாம்பரம்பா, கத்தி கேஸு ஏகாம்பரமா? அதோ, பச்சைக் கதவு" என்றார்.

அந்தப் பேர்தான் முதலில் வந்தது. சாவுச் செய்தி அதற்குப் பின்னால் வந்தது. மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம்.

இறந்தவர் என் வீட்டுக்காரர். அவர் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுதும்போது எழுதத்தான் வேண்டும். ஏகாம்பரம், பிள்ளையார்பாளையம். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவு நூலைத் தெருவில் நீட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையைச் சேர்த்துக் காயவைத்துக் கொடுக்கிற வேலை செய்தவர். போனில் 'மடிக்கத்தி நண்பர்கள்' என்று குரூப் வைத்திருக்கிறவர்கள் அவரைப் பற்றி நாலு வரி கேட்டார்கள். நான் படித்தது கொஞ்சம். நாலு வரிக்குள் அடக்கத் தெரியவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மடிக்கத்தி என்றால் வேட்டி மடிப்பில் செருகிக்கொள்கிற சின்ன மடக்குக் கத்தி. அவருடையது கொம்புப் பிடி போட்டது. கல்யாணத்துக்கு முன்பே ஆற்காட்டில் ஒரு சாணைக்கார பாயிடம் வாங்கியது. கல்யாணமான புதிதில் திருமுக்கூடல் கோயிலுக்குப் பஸ்ஸில் போனோம். வழியில் கொய்யாப்பழம் வாங்கினார். நறுக்கலாம் என்று நான் கத்திக்குக் கையை நீட்டினேன். கையில் தரவில்லை. சீட்டின் மேல் வைத்தார்.

"எடுத்துக்கோ. கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்."

"கீழ வெச்சு எடுத்தா வராதா?"

"வரும். ஆனா கத்தி மேல பழி இல்ல."

சண்டை நிறையவே வந்தது. கத்தி மேல் பழி போட்டதில்லை.

அந்தக் கத்தியைத் தெருவே உபயோகப்படுத்தியது. பார்சல் கயிறு, பிளாஸ்டிக் குடத்தின் பிசிறு, பூக்காரம்மாவின் நார், பந்தல் கட்டுகிறவர்களின் முடிச்சு, எதை அறுக்க வேண்டுமானாலும், "பாவுக்காரரே, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிடுவார்கள். மூலை வீட்டுக்காரர் பெண் கல்யாணத்துக்கு வாழை மரம் கட்டியபோதும் இவருடைய கத்திதான். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. இரவு சாப்பிட்டதும் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் துடைத்து வைப்பார். நான் கேலி செய்தால், "உனக்குத் தலைக்கு எண்ண வெக்க ஆளு இருக்குது. இதுக்கு யாரு இருக்கா?" என்பார்.

தினகரன் என்கிற பையன் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். ஸ்ரீபெரும்பூதூரில் கம்பெனி வேலை. ஒரு நாள் பாவு நீட்டியிருந்த பக்கமாக பைக்கில் வந்தான். சக்கரத்தில் இழை சுற்றிக்கொண்டது. இவர் திட்டவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக அறுத்து எடுத்தார். தினகரன் சக்கரத்தைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்த்தான். "அங்கிள், இந்த மாதிரி பீஸு இப்ப கெடைக்கறதே இல்ல" என்று படம் எடுத்து, இவரையும் குரூப்பில் சேர்த்துவிட்டான்.

அதில் இருப்பவர்கள் தினமும் காலையில் அன்றைக்கு மடியிலோ பாக்கெட்டிலோ வைத்திருக்கிற கத்தியைப் படம் எடுத்துப் போட வேண்டும். பேங்கில் ரிட்டயர் ஆன சுந்தரேசன் சார்தான் தலைவர். அவரிடம் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. பித்தளைப் பிடி, கருங்காலிப் பிடி, ஒரு நாளைக்கு ஒன்று போடுவார். என் வீட்டுக்காரருக்கு ஒன்றுதான். அதையே தினமும் போடுவார். பேசி அனுப்புகிற பதிலைச் சத்தமாக வைத்துக் கேட்பார். சமையற்கட்டில் எனக்குக் கேட்கும்.

"இன்னா பாவுக்காரரே, இன்னிக்கும் அதே பொண்டாட்டிதானா?"

"மாத்த வசதி இல்லப்பா. ஆனா இது திட்டாது."

"நான் திட்டறத ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து கத்துவேன். அதையும் பதிவு செய்து அனுப்பிவிடுவார்.

அவர் சந்தோஷமாக இருந்தார். அதை இல்லை என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் ஒரு துண்டை விரித்து எல்லாரும் கத்திகளை வைப்பார்கள். ஒருவர் வைப்பார், இன்னொருவர் எடுத்துப் பார்ப்பார். கைக்குக் கை கொடுக்காத அந்தப் பழக்கம் இவரால்தான் அங்கே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கத்தியை விரித்து நடுவில் நீட்டச் சொல்லி, பெஞ்சின் மேல் ஏறி தினகரன் படம் எடுத்தான். மற்றவர்களுக்குக் கை மட்டும் விழுந்தது. இவர் குள்ளம், உட்கார்ந்தும் இருந்தார். இவருக்கு மட்டும் முகம் விழுந்தது. 'நம்ம ஏரியா, நம்ம ஆளுங்க' என்று எழுதி, நெருப்புப் படம் ஒன்று சேர்த்து, தினகரன் அதை ஸ்டேட்டஸ் வைத்தான். திருவிழா நேரம். ஊரெல்லாம் போலீஸ். படம் யார் யார் கைக்கோ போயிற்று.

தெரு முழுக்கப் பாவு விரித்திருந்தபோது ஜீப் வந்தது. ஜனங்கள் பார்க்கப் பார்க்க இவரை ஏற்றினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். ஸ்டேஷனில் அடிக்கவில்லை. பெஞ்சில் உட்காரவைத்து, "இந்தக் கையெல்லாம் யாரு?" என்று கேட்டார்கள். "கைதானே தெரியுது சார். கைய வெச்சு நான் எப்படிப் பேரு சொல்றது?" என்றாராம். சாயங்காலம் வரை அதையே சொல்லியிருக்கிறார். சும்மா விசாரணைதான் என்று அனுப்பிவிட்டார்கள். கேஸ் எதுவும் போடவில்லை. கத்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு அதைக் கேட்டுப் போனபோதெல்லாம், அப்புறம் வா என்றார்கள்.

நடந்து வரும்போது, "நாலு பேரச் சொல்லியிருந்தா அவங்க வந்து நம்ம ஆளுன்னு சொல்லியிருப்பாங்க இல்ல?" என்று கேட்டேன்.

"தினகரனுக்கு வேல பூடும். சாருக்கு சம்பந்தி வூட்ல மானம் பூடும். எனக்கு இன்னாமா பூடப்போவுது?"

வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தார். ஜீப் விஷயம் தெரிந்ததுமே எல்லாரும் குரூப்பைவிட்டு விலகியிருந்தார்கள். தலைவரும் விலகிவிட்டதால் போன் தானாகவே இவரைத் தலைவராக்கியிருந்தது. "பாரு, நான்தான் இப்பத் தலைவரு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருத்தரும் வீட்டுக்கு வரவில்லை, போன் செய்யவில்லை. கொஞ்ச நாளில் அதே பெயரில் வேறு குரூப் தொடங்கினார்கள். இவரைச் சேர்க்கவில்லை. இவர் மட்டும் காலையில் பழைய குரூப்பைத் திறந்து பார்ப்பார். படம் போடவும் கையில் எதுவும் இல்லை.

எது போகும் என்று கேட்டாரோ அது போயிற்று. பாவு கொடுப்பவர்கள், "அப்பறம் சொல்லி அனுப்பறோம் ஏகாம்பரம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. கேஸே இல்லாத மனிதருக்குக் கத்தி கேஸ் என்று பேர் ஆயிற்று. ஒவ்வொருத்தராக நிறுத்தி இல்லை என்று சொல்லவா முடியும்? மண்டபத்தில் அவரைத் தெரியாது, வேலை கொடுத்தார்கள்.

சாவுக்குக் குரூப்பில் இருந்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு, கைகட்டி, எதிர்ச் சுவர் ஓரமாக நின்றார்கள். பாடை கட்டுகிற கோபால் மூங்கிலை அளவாக வெட்டிக் கொண்டுவந்திருந்தார். கயிறு அறுக்கத்தான் ஒன்றும் இல்லை. "யார்கிட்டயாவது கத்தி இருக்குதாப்பா?" என்று கேட்டார்.

நான் கதவருகில் இருந்து பார்த்தேன். சுந்தரேசன் சார் கை இடுப்புக்குப் போயிற்று. சட்டையைச் சரி செய்துவிட்டுத் திரும்பி வந்தது. தினகரன் தரையைப் பார்த்தான். கோபால் இன்னொரு தடவை கேட்டார். நான் உள்ளே போய் அரிவாள்மனையை எடுத்து வந்தேன். பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்து, "அத எடுத்தா மறுபடி வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதும்மா" என்றார். "போவட்டும்" என்று தெருவில் வைத்தேன். கோபால் குந்தி உட்கார்ந்து அதில் கயிற்றை அறுத்தார். 'அப்பா காலத்துக் கத்தி, சாவுக்கு எடுத்தால் வைத்துக்கொள்ள முடியாதே' என்று சார் பிற்பாடு போனில் விளக்கம் சொன்னார். அவர் சொன்னது முறைதான். என் அரிவாள்மனைக்கும் அதே முறைதான்.

காரியத்துக்கு முன்னால் தினகரன் வந்தான். உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் படத்தப் போட்டது நான்தான்."

"தெரியும்பா. அவரு அன்னிக்கே சொன்னாரு."

"எதுனா செய்யணும்க்கா. தெருமுனையில பெரிய பேனர் வெக்கலாம்னு இருக்கறோம்."

"பேனர் வாணாம். இந்தத் தெருவுல நாலு வூட்ல போயி, படத்தப் போட்டது நான், அவரு மேல கேஸே இல்லன்னு சொல்லு. அது போதும்."

"கம்பெனிக்குத் தெரிஞ்சா..."

"மூலை வூட்டுக்காரரு உங்க கம்பெனியிலயா இருக்காரு?"

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். பைக் எந்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை.

மறுநாள் பேனர் வந்தது. கண்ணீர் அஞ்சலி. டீக்கடையில் கத்தியை நீட்டிக்கொண்டிருந்த அதே படத்தில் அவரை மட்டும் வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர் முகத்தைவிடக் கத்தி பெரிதாக இருந்தது. கீழே 'மடிக்கத்தி நண்பர்கள்' என்று இருந்தது. ஒருத்தர் பேரும் இல்லை. நான் கடைக்குப் போகும்போது, வெளியூரிலிருந்து புடவை எடுக்க வந்த ஒரு அம்மா அதைப் பார்த்து நின்றார்.

"யாரும்மா இவரு, பெரிய ரவுடியா?"

"இல்லம்மா. பாவு போடறவரு. எங்க வூட்டுக்காரரு."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் ஸ்டூல் எடுத்துவந்து பேனரை இறக்கினேன். அறுக்க வீட்டில் ஒன்றும் இல்லை. நைலான் கயிறு. முடிச்சுகளை நகத்தால்தான் நெம்பி அவிழ்த்தேன். வெயிலில் வெகு நேரம் ஆயிற்று. தெரு பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கூட வரவில்லை.

சுந்தரேசன் சார், நீங்கள் கேட்ட நாலு வரி இதுதான். குரூப்பில் போட்டால் முழுவதும் போடுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொள்கிறேன். மூலை வீட்டில் இன்று காலையே சொல்லிவிட்டேன்.

என்னங்க, நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள். உங்கள் பேரை நான் பார்த்துக்கொள்கிறேன்.