கத்திச் சொன்ன ரகசியம்

டூட்டிங்கில் குகனின் கடைக்குத் தேங்காய் எண்ணெய் வாங்கப் போயிருந்தேன். கூடவே கடைக்குட்டி மகளும் வந்தாள். காசு கட்டும் மேசைக்குப் பின்னால், விளக்குமாற்றுக்குப் பக்கத்தில், ஒரு பேஸ்போல் மட்டை சாய்ந்து நின்றது. லண்டனில் அந்த விளையாட்டை விளையாடுகிறவர்களைவிட, கடைக் காவலுக்கு மட்டை வைத்திருக்கிறவர்கள்தான் கூட என்பது என் எண்ணம். ஆனால் குகன் உண்மையாகவே விளையாடியவன். அதைப் பார்த்து வயிறெரிந்தவன் நான்.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நான் ஒரு காலத்தில் கல்லூரி பேஸ்போல் அணியின் தலைமைப் பயிற்சியாளர். தலைமை என்றதும் எனக்குக் கீழே நாலைந்து பேர் இருந்ததாக நினைக்க வேண்டாம். தலையும் நானே, வாலும் நானே.

நாட்டைவிட்டு வந்து நாலாவது வருஷம் தென் லண்டனில் ஒரு கல்லூரியில் விளையாட்டுச் சாமான் அறையைப் பார்க்கும் வேலை கிடைத்தது. அங்கே படிப்பித்த அமெரிக்கர் ஒருவர் பேஸ்போல் அணி வைத்திருந்தார். அவர் ஊருக்குத் திரும்பியபோது, அறைப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்ததால் அணியும் என்னிடம் வந்து சேர்ந்தது. பதவியைப் போட்டு அட்டையும் அடித்துத் தந்தார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மனைவி வாசித்துப் பார்த்தாள்.

"சம்பளம் கூட்டினவையோ?"

"இல்லை."

"அப்ப கழட்டி வைச்சிட்டுச் சாப்பிட வாங்கோ."

விளையாட்டை நூலகப் புத்தகத்தில்தான் படித்தேன். தோல் கையுறைகளுக்கு எண்ணெய் பூச வேண்டும் என்று அதில் இருந்தது. என்ன எண்ணெய் என்று நான் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். ஏப்ரல் குளிரில் அது உறைந்து கையுறையெல்லாம் வெள்ளை பூத்துவிடும். எங்கள் அணி மைதானத்தில் இறங்கினால், தலைக்கு எண்ணெய் வைத்து வந்த வகுப்பறை மாதிரி மணக்கும். இன்றைக்கும் போத்தலைத் திறந்தால் எனக்கு மாரெக்கின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

மாரெக் போலந்துப் பிள்ளை. ஓட்டத்தில் அவனுக்கு நிகர் இல்லை. எங்கள் பலமும் ஓட்டம்தான். எறிகிறவன் பந்தை எறியும் அந்த நொடியில், முதல் பேஸில், ஓடித் தொடவேண்டிய முதல் முனையில், நிற்பவன் இரண்டாவதுக்குப் பாய்ந்துவிட வேண்டும். பந்தை இரண்டாவது பேஸுக்கு எறிந்து அதைத் தடுக்க வேண்டியவன் மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடியோடு குந்தியிருப்பவன்; நம்முடைய விக்கெட் கீப்பர் மாதிரி.

எப்போது பாய்வது என்பதைப் பயிற்சியாளர் சைகையால் சொல்ல வேண்டும். தொப்பியைத் தொட்டால் ஒன்று, காதைத் தொட்டால் வேறொன்று. நானும் முயன்றேன். கோடையில் எனக்கு மூக்கு அரிக்கும். நான் மூக்கைச் சொறிய, ஒருவன் ஓடிப்போய் அவுட்டானான். பிறகுதான் அந்த யோசனை வந்தது. அணியில் ஐந்து பேர் தமிழ்ப் பிள்ளைகள். தமிழிலேயே கத்தினால் யாருக்கு விளங்கப் போகிறது? மற்றவர்களுக்கு நாலு சொல் போதும்: ஓடு, நில், தட்டு, பொறு. மாரெக் ஒரே கிழமையில் பாடமாக்கிவிட்டான். நான் வாயைத் திறக்கும்போதே அவன் பாதித் தூரம் போயிருப்பான். அந்த வருஷம் வென்றுகொண்டே போனோம். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

காலிறுதிக்கு முன்னர் கல்லூரி அதிபர் கூப்பிட்டார். அரையிறுதிக்குப் போனால் அணி இருக்கும், இல்லையென்றால் மைதானத்தை விற்றுவிடுவார்கள் என்று சொன்னார். எனக்கு இரண்டு நாள் நித்திரை இல்லை. ஊரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவனுக்கு இந்த நாட்டில் 'என்னுடையது' என்று சொல்ல இருந்தது அந்தப் புல்வெளியும் அந்தப் பிள்ளைகளும்தான்.

எதிரணி கிழக்கு லண்டன் கல்லூரி. முதல்முறை "ஓடு" என்று கத்தினேன். மாரெக் பாய்வதற்கு முன்பே அந்த முகமூடிக்காரன் எழும்பிவிட்டான். மாரெக் அவுட். இரண்டாம் முறையும் அதே கதை. தற்செயல் என்று நினைத்தேன். கடைசியில் ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறோம்; இன்னும் ஒருவன் அவுட்டானால் எல்லாம் முடிந்துவிடும், முதல் பேஸில் நிற்பவன் மாரெக். என் பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன்: "அந்தக் கீப்பர் நித்திரை கொள்ளுறான். மாரெக், அடுத்த பந்துக்கு ஓடு."

பந்து மாரெக்கை முந்திக்கொண்டு போய் இரண்டாவது பேஸில் காத்திருந்தது. ஆட்டம் முடிந்தது.

கைகொடுக்க வரிசையில் வந்தபோது அந்தக் கீப்பர் முகமூடியைக் கழற்றினான்.

"அண்ணை, நான் நித்திரை கொள்ளேல்லை."

கொடுத்த கையை விடாமலே கேட்டேன்: "தம்பி, நீர் தமிழோ?"

"ஓம் அண்ணை. வீடு செவன் கிங்ஸிலை."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் ஆரும் கேக்கேல்லையே."

அவன்தான் குகன். லண்டனில் நின்றுகொண்டு தமிழை ரகசியம் என்று நம்பிய மடையன் நான். மாரெக் என்னிடம் வந்து, "நீங்கள் சொன்னீர்கள், நான் ஓடினேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னான். என்னைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. இன்றைக்கும் சுடுகிறது.

மைதானம் போய் மாடி வீடுகள் வந்துவிட்டன. பிள்ளைகள் திக்குக்கு ஒருவராகப் போனார்கள். மாரெக் போலந்துக்கே திரும்பிவிட்டதாகக் கேள்வி. நான் சாமான் அறையிலேயே இருந்து ஓய்வு பெற்றேன்.

அன்றைக்கு எண்ணெயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். மகள் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். எங்கள் பஸ் வருவதைக் குகன் கடைக்குள் இருந்தே கண்டுவிட்டான்.

"பிள்ளை, ஓடு. வந்திட்டுது, ஓடு."

மகள் நின்று, திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அப்பா, வாட் டிட் ஹி சே?"

நான் ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கதவை மூடிக்கொண்டு போய்விட்டது. கல்லூரியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். மாரெக் என்றால் ஓடியிருப்பான்.