சுவரோரத்துப் பை

"படுத்துத் தூங்கறயா கண்ணு, உக்காந்துட்டுத் தூங்கறயா?"

குழந்தையம்மாள் நர்ஸ் எந்தக் கர்ப்பிணியைக் கண்டாலும் முதலில் இதைத்தான் கேட்பாள். ஊரே சொல்லிச் சிரித்தது. சிரிக்கட்டும், அந்தக் கேள்வி எப்படி வந்தது என்று சிரித்தவர்களுக்குத் தெரியாது.

காதர்பேட்டைப் பக்கம் அந்தச் சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு டாக்டரம்மா புதன்கிழமை மட்டும்தான் வருவார். வராந்தா வரிசையில் ஆட்களுக்குப் பதில் பைகள் இருக்கும். முதலில் வைத்த பைக்கு முதல் முறை. நம் பக்கத்து மரியாதை வேறு இருக்கிறதே! யாராவது முனகினால் போதும், "நீங்க முந்திப் போங்க" என்று தங்கள் பையைப் பின்னுக்கு நகர்த்திவிடுவார்கள். குழந்தையம்மாளும் கண்டுகொள்ளமாட்டாள். சத்தம் போடுகிறவர்கள் முதலில் போனால் வராந்தா அடங்கும் என்ற நிம்மதி அவளுக்கு.

அறுபத்து நாலாம் வருஷம் ஒரு புதன்கிழமை. பனியன் மடிக்கும் வேலைக்குப் போகும் சைதுன்னிசா, எட்டு மாதக்காரி, மூன்றாவதாக வைத்த பையை நாலு தடவை பின்னுக்கு நகர்த்தினாள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் இருதயம் கெட்டவள். ஆஸ்பத்திரிச் சீட்டில் அது எழுதியிருந்தது. குழந்தையம்மாள் சீட்டைப் பிரிக்கவே இல்லை. "ஒடம்பு எப்படி?" என்று மட்டும் கேட்டாள். "நல்லாருக்கறனுங்க" என்றாள் சைதுன்னிசா. முறை வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடியே மூச்சு அடங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று வாரமாக அக்கா உட்கார்ந்தேதான் தூங்கினாள் என்று கூட வந்த தங்கை அழுதுகொண்டே சொன்னாள்.

அதன்பிறகு குழந்தையம்மாள் பை முறையை ஒழித்தாள். ஒவ்வொருத்தியின் சீட்டையும் பிரித்தாள், கால் வீக்கம் பார்த்தாள், மூச்சைக் கவனித்தாள், எப்படித் தூங்குகிறாள் என்று கேட்டாள். இருதயம், சர்க்கரை, இழுப்பு என்று பழைய நோய் உள்ளவர்கள் வாய் திறக்காவிட்டாலும் முன்னால் போனார்கள். மற்றவர்கள் திட்டினார்கள், அசரவில்லை. ஆனால் காலி வராந்தாவிலும் சுவரோரம் ஒரு பை தரையில் உரசி நகரும் சத்தம் அவளுக்குக் கேட்கும். அந்தப் பக்கம் திரும்பவே பயப்படுவாள்.

ஆறு வருஷம் கழித்து அந்தத் தங்கை அமீருன்னிசா ஏழு மாத வயிற்றோடு வந்தாள். நேராக அதே சுவரோரம் உட்கார்ந்து பழைய வழக்கப்படி பையை வைத்தாள். பக்கத்தில் ஒருத்தி முனக, பை பின்னால் நகர்ந்தது.

"அவங்க போகட்டுமுங்க. நானு நல்லாருக்கறனுங்க."

குழந்தையம்மாள் அவள் முன்னால் குனிந்தாள். "படுத்துத் தூங்கறயா கண்ணு, உக்காந்துட்டுத் தூங்கறயா?"

அமீருன்னிசா தலைகுனிந்தாள். "பத்து நாளா உக்காந்துட்டுத்தானுங்க."

குழந்தையம்மாள் பையைப் பிடுங்கிக்கொண்டு, அவளைத் தாங்கிப் பிடித்து எல்லோருக்கும் முன்னால் நடத்தினாள். டாக்டரம்மாவின் கதவருகே அமீருன்னிசா நின்றாள்.

"அக்காகிட்ட இதக் கேட்டீங்களாங்க?"

"கேக்கல கண்ணு" என்றாள் குழந்தையம்மாள். பிடித்த கையை விடவில்லை.