உடைவது எப்போதும் மூன்றாவது கியர்தான்

கியர்பொக்ஸ் வேலை பார்ப்பவனைத் தேடி யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டு வருவதில்லை. கட்டி இழுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். மாத்தளை டவுனில், ரத்தோட்டைக்குத் திரும்பும் ரோட்டில் என் கராஜ். எல்லோரும் என்னை ‘பாஸ்’ என்பார்கள். இங்கே மெக்கானிக்குக்கு அதுதான் பெயர். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட அன்பர்களே, இதை வாசித்துவிட்டு எனக்காகப் பரிதாபப்பட வேண்டாம். உங்கள் கராஜிலும் ஒரு ரமேஷ் இருப்பார்.

ஒயிலோடு கொட்டிய பற்கள்

ரமேஷ் மசாலா மில் வைத்திருப்பவர். அவரிடம் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. கொழும்பில் யாரோ அதன் இன்ஜினின் சக்தியை இரண்டு மடங்காக்கிக் கொடுத்துவிட்டார்கள். கியர்பொக்ஸ் மட்டும் கார் பிறந்த நாளில் இருந்த அதே ஐந்து கியர். அந்தக் காரில் மனைவி கலைவாணியை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டன் மலை உச்சி வரை ஒரு தடவை ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

ரத்தோட்டை தாண்டி ஏற்றத்தில் மிதித்தார், மூன்றாவது கியர் போனது. பெட்டியைக் கழற்றினேன், ஒயிலோடு பற்கள் கொட்டின. இந்த இன்ஜினுக்குப் பலமான வேறு கியர்பொக்ஸ் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அந்த ஒரு கியரை மாற்றினால் போதும் என்றார். மாற்றினேன். அதே ஏற்றம், அதே மூன்றாவது கியர். இன்ஜினுக்கு அவ்வளவு செய்தவர் இதற்கு ஏன் இப்படிப் பின்வாங்குகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

“இன்ஜின்ல செஞ்ச வேலைய பொனட்டத் தொறந்து காட்டலாம் பாஸ். கியர்பொக்ஸ்ல செஞ்சா யாரு கீழ படுத்துப் பாக்கப்போறாங்க?”

கலைவாணியின் நிபந்தனை

கலைவாணி பேங்கில் வேலை செய்கிறவர், குரலை உயர்த்தவே மாட்டார். ஒரு நாள் கராஜுக்கே வந்து சொன்னார்: இன்னும் ஒரே ஒரு கியர்பொக்ஸ். அதற்குப் பிறகும் கார் கயிற்றில் வந்தால் விற்றுவிட வேண்டும். பக்கத்தில் நின்ற ரமேஷின் முகம் செத்துவிட்டது.

அன்றைக்கே பெட்டி தேட ஆரம்பித்தோம். ரமேஷ் போனில் வீடியோ பார்த்து, நேரான பல் வைத்த பந்தயக் கியர்பொக்ஸைக் காட்டினார். பலம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஓடும்போது அலறும், மெதுவாகப் போனால் முரண்டு பிடிக்கும். நம் ரோட்டில் முன்னால் எப்போதும் ஒரு திரீவீல் ஆட்டோ மெதுவாகப் போய்க்கொண்டிருக்குமே! அதே கம்பனியின் பெரிய காரில் வரும் ஆறு கியர் பெட்டியைச் சொன்னேன். சாய்ந்த பல், அகலமான பல், சத்தம் கிடையாது. சத்தம் கிடையாது என்றதும் அவருக்கு அரை மனதாகிவிட்டது. கடைசியில் மனைவிக்குப் பயந்து ஒத்துக்கொண்டார்.

பெட்டி பழையதைவிட நீளம். தரைத் தகட்டை வெட்டி, பின் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டைக் குட்டையாக்கி, ஒருவழியாகப் பூட்டினேன். கியர் கம்பு மட்டும் ஒரு சாண் பின்னால் வந்துவிட்டது. ரமேஷ் சீட்டில் உட்கார்ந்து, முன்பு கம்பு இருந்த இடத்தில் கையை வைத்தார், அங்கே இல்லை. பின்னால் துழாவிக் கண்டுபிடித்தார்.

“எல்லாம் சரி பாஸ், இது என் முழங்கைக்கா, கலைவாணி முழங்கைக்கா?”

தேருக்குப் பின்னால்

புதுக் கியர்பொக்ஸ் போட்ட வண்டிக்கும் பூசை வேண்டும் அல்லவா? ரமேஷ் அதற்கு ஊர்க் கோயிலின் ஐந்து தேரும் ஓடும் மாசி மக நாளைத் தேர்ந்தெடுத்தார். நல்ல நாள், மறுப்பதற்கில்லை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, திருநீறு பூசி, ரோட்டுக்கு இறங்கினார். முன்னால் ஒரு தேர், பின்னால் ஒரு தேர், நடுவில் அவர்.

அந்த இன்ஜினைத் தாங்கப் பந்தயக் கிளட்ச் போட்டிருந்தேன். அது பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும், விட்டால் ஒரேயடியாக விடும். தேரோடு அங்குலம் அங்குலமாக நகர்வதற்குச் செய்ததல்ல. சிறிது நேரத்தில் அடியிலிருந்து புகை கிளம்பியது. சாம்பிராணி என்று நினைத்து ஒரு அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தேர் தாண்டியதும் காரை இழுத்து வந்தோம். எரிந்தது கிளட்ச்தான், கியர்பொக்ஸ் அல்ல, இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கலைவாணியிடம் நான்தான் கெஞ்சினேன். இதுதான் கடைசித் தடவை என்று கலைவாணி விட்டுக்கொடுத்தார்.

“கிளட்ச் வேற, கியர்பொக்ஸ் வேறன்னு எனக்கும் தெரியும் அண்ணே. இழுத்துக்கிட்டு வந்த கயிறு ஒண்ணுதானே.”

ரிவர்ஸ்டன்

வேறு கிளட்ச் போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். நான் என் வேனில் பின்னால் போனேன். கயிறு அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று சீட்டுக்கு அடியில் மறைத்து வைத்திருந்தேன். ரத்தோட்டை ஏற்றம் வந்தது. மூன்றாவது கியர் பிடித்தது, இழுத்தது, உடையாமல் தாங்கியது. கண்ணாடியை இறக்கிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். இந்தத் தொழிலுக்கு வந்ததில் தப்பில்லை என்றுகூடத் தோன்றியது.

தேயிலைத் தோட்டங்கள் முடிந்து பனிமூட்டம் இறங்கியது. உச்சியில் இருக்கும் டவர் கண்ணில் பட்ட வளைவில் ‘டங்’ என்று ஒரு சத்தம். கார் நின்றுவிட்டது. ஈரத் தரையில் படுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். கியர்பொக்ஸில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ஒயில் கசியவில்லை. உடைந்தது பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பற்சக்கரப் பெட்டி, டிஃப்ரன்ஷல். இத்தனை நாள் மூன்றாவது கியரை உடைத்த வேகம், அங்கே பருப்பு வேகாமல் பின்னால் போய் அதை உடைத்திருக்கிறது.

ரமேஷ் ரோட்டோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். கியர்பொக்ஸ் தாங்கிவிட்டது, ஆறு கியரும் விழுகிறது, நீங்களே போட்டுப் பாருங்கள் என்று கலைவாணியிடம் விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“வெளங்குது அண்ணே. காரு வாங்க வர்ற ஆளுகிட்டயும் இதையே சொல்லுங்க.”

கியர்பொக்ஸைப் பலப்படுத்துகிற எங்களால் வண்டி உடைவதை நிறுத்த முடியாது, உடைகிற இடத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளத்தான் முடியும்.