துபாயிலும் கரண்ட் போனது

இஸ்திரிப் பெட்டியின் நீராவி சீறினால் போதும், பெருமாநல்லூரின் அந்தக் காலை நினைவு வந்து தனியாகச் சிரித்துவிடுகிறேன்.

நானும் நண்பன் பழனிச்சாமியும் அங்கே சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறோம். போனில் பழக்கமான துபாய் வியாபாரி ஒருவர், மும்பை குடோனுக்குச் சரக்கை அனுப்புங்கள், சேர்ந்ததும் பணம் என்றார். நம்பிவிட்டோம். ஒரு சீசனின் உழைப்பு முழுவதும் வேனில் ஏறியது. நாங்கள் உலகச் சந்தையைப் பிடிக்கும் வரலாற்றை நண்பன் ஜோசப் டாக்குமெண்டரியாக எடுத்துக்கொண்டிருந்தான்.

வேன் கிளம்பும் முன் வியாபாரியை வீடியோ காலில் அழைத்தோம். பேச்சின் நடுவே எங்களுக்குக் கரண்ட் போய், இஸ்திரிப் பெட்டிகளின் சீறல் நின்றது. அதே நொடியில் அவர் தலைக்கு மேலிருந்த விளக்கும் அணைந்தது. அன்று எங்கள் பகுதிக்கு மட்டும் மாதாந்திர மின்தடை.

பழனிச்சாமி பணிவாகக் கேட்டான்: "ஏனுங்க, துபாய்லயும் இன்னைக்குக் கரண்ட் இல்லீங்களா?"

அவர் அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

தேரை நிலைக்குக் கொண்டுவந்த களிப்போடு பெட்டிகளை இறக்கினோம். ஒரு பனியன்கூடப் போகவில்லை.

இப்போதெல்லாம் முன்பணம் வங்கிக்கு வந்த பிறகுதான் வேனையே கூப்பிடுகிறோம். புது வியாபாரி என்றால் முதல் வீடியோ கால் மின்தடை நாளில்தான்.

அன்று, பாதியிலேயே பேட்டரி தீர்ந்த கேமராவோடு தன் வண்டியைக் கிளப்பும்போது ஜோசப் சொன்னான்: "மறுக்கா ஏமாறப் போறீங்கன்னா முன்னாடியே சொல்லுங்க மாப்ள, ஃபுல் சார்ஜ் போட்டுட்டு வந்தர்றேன்."