ஏலக்காய் கோடவுனில் கச்சேரி வைத்த ஞானமுத்து அண்ணாச்சி

போடி ஞானமுத்து அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மகன் போன் செய்தார்.

காபி ஆறிப்போய் அப்படியே இருக்கிறது. எழுதினால்தான் எனக்கு இன்றைக்கு வேலை ஓடும்...

என் மிருதங்க வீடியோக்களைப் பார்த்து இங்கே வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்காது. போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரி. அந்த ஊர் சங்கீத சபாவுக்குச் செகரெட்டரி. ஞாயிறு தவறாமல் சர்ச், மாதம் தவறாமல் கச்சேரி.

"சர்ச்சுக்குப் போற வேதக்கார மனுசனுக்கு இந்தச் சங்கீதம் எதுக்கு?" என்று யாரோ கேட்டார்கள். "எங்க சர்ச்சுல கீர்த்தன பாடுறத ஒருநா வந்து கேட்டுட்டுப் பேசுங்க" என்றார். அவ்வளவுதான் பதில்.

எழுபதுகளின் கடைசி. நான் அல்லிநகரத்தில், அப்பாவிடம் மிருதங்கம் கற்று, உள்ளூர் பாடகர்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த பெண். சபாவின் ஆண்டு விழாவுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய வித்வான் வந்தார். மிருதங்கத்துக்கு அண்ணாச்சி என்னைப் போட்டிருந்தார். நோட்டீஸில் என் பெயர்!

மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில், நாதம் கனமாக வர, ஈர ரவையை அப்பிக்கொண்டிருந்தேன். வித்வான் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். நின்றுவிட்டார்.

"நான் பொம்மனாட்டி மிருதங்கத்துக்குப் பாடறதில்லை. தப்பா நெனச்சுக்காதீங்கோ. பழக்கமில்லை."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெற்றிலை போடுவதில்லை என்பது போலச் சொன்னார்.

கமிட்டிக்காரர்கள் பதறிவிட்டார்கள். மண்டபம் நிறைந்திருக்கிறது. ஒருவர் அண்ணாச்சியைத் தனியே இழுத்தார். "கம்பத்துல வேற மிருதங்கக்காரர் இருக்காரு, ஜீப்ப விட்டுக் கூட்டியாந்துருவம். புள்ளைய முன்வரிசையில உக்கார வச்சு ஒரு மாலையப் போட்டுருவம், அண்ணாச்சி."

என் காதில் விழட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ என்ன சொல்ற?"

அதுவரை யாரும் என்னைக் கேட்கவே இல்லை.

"மாலை வேணாம் அண்ணாச்சி. நான் வாசிக்க வந்தேன்."

அவ்வளவுதான் சொன்னேன். இன்றைக்கும் அந்த ஒரு வரியில் எனக்குக் கர்வம் உண்டு.

அண்ணாச்சி வித்வானிடம் கைகூப்பினார். "ஐயா, உங்க பழக்கத்த மாத்தச் சொல்லி நான் கேக்கல. இந்தப் புள்ளைய எந்திரிக்கவும் சொல்ல மாட்டேன். கார் வாசல்ல நிக்கிது. மதுரையில உங்கள ரயிலேத்தி விட்டுட்டு வருவாக."

வித்வான் போயே விட்டார்.

அண்ணாச்சி நேராக மைக்குக்குப் போனார். பூசி மெழுகத் தெரியாத மனிதர். "பொம்பளப் புள்ள மிருதங்கம் வாசிச்சாப் பாட மாட்டேன்னு சொல்லிட்டாக. அது அவுக இஷ்டம். இன்னிக்குப் பாட்டு இல்ல. வயலினும் மிருதங்கமும் இருக்கு. பிரியப்பட்டவுக இருந்து கேளுங்க."

பாதி மண்டபம் எழுந்து போனது. நாற்காலிகளை இழுக்கிற சத்தம் அடங்கவே நேரமாயிற்று.

வயலின் சுந்தரம் சார், கம்பத்தில் ஸ்கூல் வாத்தியார், என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவுக போகட்டும்த்தா. இருக்கறவுகளுக்கு வாசிப்போம்."

வாசித்தோம். முதல் உருப்படியில் கை ஓடவில்லை. இரண்டாவதில் ஓடியது. தனி ஆவர்த்தனம் முடிந்தபோது மிச்சமிருந்த பாதி மண்டபம் தட்டிய கைதட்டல்... அப்படி ஒன்றை அதற்குப் பிறகு எந்தப் பெரிய மேடையிலும் நான் கேட்டதில்லை.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மேடைக்கே ஏறி வந்தார். "எங்கூர்த் திருவிழாவுக்கு வருவியாத்தா? பாடுறவுக யாரா இருந்தாலும் சரி, மிருதங்கம் நீதான்."

அடுத்த கமிட்டி மீட்டிங்கில் அண்ணாச்சியைச் செகரெட்டரி பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுந்தரம் சார் சொல்லித்தான் தெரியும். அழுதுகொண்டே போடிக்கு பஸ் ஏறினேன்.

கடையில் இருந்தார். "நல்லவேளையாப் போச்சு, இனிமே நாலு பேரக் கேக்க வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு, பின்பக்க கோடவுனைத் திறந்து காட்டினார். மூட்டைகளை ஓரங்கட்டி, நடுவில் ஜமுக்காளம் விரித்திருந்தார்.

அந்த கோடவுனில் வருஷக்கணக்காகக் கச்சேரி நடந்தது. சாக்கில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சரக்கோடு வந்த மலையாள வியாபாரிகளும் "கொள்ளாம், நல்லாருக்கு" என்று தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போனால் புடவையெல்லாம் ஏலக்காய் வாசம்.

வாசலில் நின்று வாசித்துவிட்டுப் போகும் நாதஸ்வரக்காரர்களை உள்ளே அழைத்து, ஜமுக்காளத்தில் உட்காரவைத்து, முழுக் கச்சேரி வாசிக்கச் சொன்னார். போடியில் அதை முதலில் செய்தவர் எனக்குத் தெரிந்து அவர்தான்.

இன்னொன்று. மனிதருக்குத் தாளம் சுத்தமாக வராது! முன்னால் உட்கார்ந்து தப்புத் தப்பாகத் தொடையில் தட்டுவார், எனக்குக் கணக்கே குழம்பும். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அண்ணாச்சி, கையக் கொஞ்சம் சும்மா வைங்க" என்று வாசிப்பின் நடுவிலேயே கேட்டுவிட்டேன். அன்று கச்சேரி முழுக்கக் கையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, தலையைத் தப்பாக ஆட்டினார்.

எண்பதுகளில் அதே சபா என்னைக் கூப்பிட்டது. ஆண்டு விழா, அதே மண்டபம், பாடியது ஒரு ஆண் வித்வான்தான். போகலாமா என்று அண்ணாச்சியைக் கேட்டேன். "போகாம? நான் மொத ஆளா வந்து உக்காருவேன்ல." வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், குடும்பத்தோடு.

நாளைக்கு போடியில் அடக்க ஆராதனை. அதில் கீர்த்தனைகள் பாடுவார்களாம். "மிருதங்கம் அக்காதான் வாசிக்கணும்னு அப்பா சொல்லி வச்சிருந்தாக" என்றார் மகன்.

வருகிறேன் அண்ணாச்சி. நிமிர்ந்து உட்கார்ந்து வாசிப்பேன்.