காந்தத்தில் துள்ளிய கட்டைவிரல்

அஞ்சலை அக்காவின் கணவருக்குக் கை முடங்கிப்போனதற்கு நானே காரணம். அந்தப் பழியை அவள் தலையில் கட்டியவனும் நானே!

இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடத் தெரியாது. முன்பின் அறியாத உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்... தெரிந்தவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் உதவியாளனாக இருந்தேன். தலைமேல் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் புதிய முறை ஒன்றை, நோய்நொடி இல்லாதவர்களிடம் சோதித்துக்கொண்டிருந்தோம். ஆள் பிடிப்பது என் வேலை. நன்றாக இருக்கிறவன் எவன் ஆஸ்பத்திரிக்கு வந்து தலையைக் கொடுப்பான்? வந்தவர்களும் அந்த டக் டக் சத்தத்தைக் கேட்டபின் மறுமுறை எட்டிப் பார்ப்பதில்லை. பாதியில் ஒருவர் நின்றுவிட்டால் அதுவரை எடுத்த அளவெல்லாம் வீண். டாக்டரிடம் திட்டு வாங்குபவன் நான்.

அஞ்சலை அக்கா மட்டும் தவறாமல் வந்தாள். புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில் வீடு. கணவர் பரோட்டா மாஸ்டர். பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்திருந்தது. குழந்தைக்குப் புகட்டுமுன் பாலைப் புறங்கையில் விட்டுச் சூடு பார்ப்பார்களே, அதுபோல அவருக்குக் காந்தம் வைக்குமுன் தனக்கு வைத்துப் பார்க்க வந்திருந்தாள்.

உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்றோம். தாலியைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்குத் துண்டைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள்.

“அடகு வச்சிட்டியாடின்னு தெருவே கேக்குது சார்!” என்று சிரித்தாள்.

சுருளை அவள் தலையின் இடப்பக்கம் வைத்ததும், வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது.

“யம்மாடி! நான் ஆட்டல சார், அதுவா ஆடுது! அப்போ அவரு வெரலும் ஆடும்ல?”

இல்லை அக்கா, இது வைத்தியம் இல்லை, நல்ல உடம்புக்குக் கெடுதல் செய்யுமா என்று மட்டும்தான் பார்க்கிறோம், உங்கள் கணவருக்கு வைக்க மாட்டார்கள்... இதைச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் சொல்லச் சொன்னதும் இதைத்தான். சொன்னால் அவள் நாளை வரமாட்டாளே!

“எல்லாத் தடவையும் வந்துடுங்கக்கா. அடுத்தது அவருக்குத்தான்” என்றேன்.

எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்! அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஒருநாள் அவளாகவே சொன்னாள்: “கைய நீட்டி மடக்குற பயிற்சிய வுட்டுட்டேன் சார். தொட்டாலே அழுவுறாரு. அதான் காந்தம் வைக்கப் போறீங்களே... எதுக்கு அந்த மனுசனப் போட்டு வதைக்கணும்?”

பயிற்சியை நிறுத்தினால் தசை இறுகிவிடும் என்பது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்! அப்போதாவது வாயைத் திறந்தேனா? அவள் இன்னும் சில முறை வர வேண்டியிருந்தது. தலையை ஆட்டினேன். ஆமாம்... வெறுமனே தலையை ஆட்டினேன்.

சோதனை முடிந்த கையோடு அவரை ஆட்டோவில் அழைத்து வந்துவிட்டாள். சலவைச் சட்டை போட்டுவிட்டிருந்தாள். உலோகம் ஆகாதென்று அவருடைய வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்திருந்தாள். கை மட்டும் மார்போடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிக் கிடந்தன. பிரிக்கப் பார்த்தேன். அவர் அலறிவிட்டார்.

உண்மையைச் சொல்ல அது கடைசி வாய்ப்பு. நான் என்ன செய்தேன் தெரியுமா? கோபப்பட்டேன்!

“யாரக் கேட்டுப் பயிற்சிய நிறுத்துனீங்க? கை இப்படி மடங்கிப்போனா இனிமே காந்தம் எப்படிக்கா வைக்கிறது?”

அவள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள், திரும்பத் திரும்ப. நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஆறுதல் சொன்னேன். கேவலம்... நான் ஆறுதல் சொன்னேன்!

ஏன் அப்படிச் செய்தேன்? வேலை போய்விடும் என்ற பயமா? நான் பொய்யன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே என்ற கூச்சமா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, சாரத்தில் காய்கறி வாங்கும்போது அவளே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். வீட்டுக்கு வந்தே தீர வேண்டும் என்று கூட்டிப் போனாள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

“யாரு வந்துருக்காங்க பாருங்க, ஆஸ்பத்திரி சாரு! அவரு நம்ம நல்லதுக்குத்தான் அன்னிக்குத் திட்டுனாரு. நாந்தான் பாவி... ஒங்க கையக் கெடுத்துட்டேன்.”

சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. “காபி கொஞ்சமா போதும்க்கா” என்றுதான் வாயில் வந்தது.

அவர் இடது கையை நெற்றிவரை தூக்கி எனக்கு வணக்கம் வைத்தார். நான் என் இரண்டு கைகளையும் கூப்பி அதை வாங்கிக்கொண்டேன்.